‘தகுதியில்லை’ என்று பதில் வந்தால் என்ன செய்வது?

(உதவித்தொகை மனு தள்ளுபடியான மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக் சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்குதா? கேட்கலைன்னா கையைத் தூக்குங்க. சைகை மொழிபெயர்ப்பாளர் இந்தப் பக்கம் நிற்கிறார். தேவைப்படுபவர்கள் முன்னால வந்து உட்காருங்க.

உங்களில் பலருடைய போனில் ஒரு எஸ்.எம்.எஸ். இருக்கும். ‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.’ படித்ததும் கோபம் வரும், அழுகை வரும், சில பேர் அழிச்சே விட்டிருப்பீங்க. அழிக்காதவர்கள் இப்பவே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. அதில் இருக்கிற தேதியும் விண்ணப்ப எண்ணும்தான் நாம இன்னிக்குப் பேசப்போகிற எல்லாத்துக்கும் ஆதாரம்.

பணம் சின்னதா பெருசா என்கிற பேச்சை ஒதுக்கிடுவோம். வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயில் இருந்து 1,500 ஆக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 1,500-இல் இருந்து 2,000 ஆனது. மாதம் 2,000 என்றால் வருஷத்துக்கு 24,000. படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு டயப்பர் வாங்குகிற அம்மாவிடம் கேளுங்க, அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்வார்.

இன்னொன்றும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 24, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதில் 25 சதவீதம் சேர்த்துப் பாருங்க, சரியாக 1,500. யாரோ இரக்கப்பட்டுத் தூக்கிக் கொடுக்கிற காசு கிடையாது இது. அதனால ‘எதுக்கு வீணா அதிகாரிகளைப் பகைச்சுக்கணும்’ என்று யாரும் தயங்க வேண்டாம். நான் அந்த மேசைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தவன், சொல்றேன். மேல்முறையீடு வருவது ஒரு தினசரி அலுவல். கோப்பு மேலே போகும், பதில் கீழே வரும். யாரும் உங்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு பழிவாங்க நேரம் இல்லாத அளவுக்கு அங்கே வேலை இருக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘தள்ளுபடி ஆயிடுச்சு’ என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: எங்கே தள்ளுபடி ஆனது? இதில்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். மருத்துவமனையில் சதவீதம் குறைவாகப் போட்டிருப்பார்கள்; இவர் தாசில்தார் அலுவலகத்தில் போய் சண்டை போடுவார். தாசில்தாரால் உங்கள் சதவீதத்தை அரை சதவீதம்கூட ஏற்ற முடியாது. அதேபோல, வி.ஏ.ஓ. அறிக்கையால் நின்றுபோன மனுவுக்கு மறுபடி மருத்துவச் சான்று வாங்க அலைந்து பிரயோஜனம் இல்லை.

ஆக, கதவு இரண்டு. ஒன்று சான்றிதழ். இன்னொன்று உதவித்தொகை.

சான்றிதழை முதலில் பார்க்கலாம். சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது வாசல். மேலே போகப் போக வேறு வாசல்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் கேட்பார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம். யு.டி.ஐ.டி. அட்டை வைத்திருப்பவர்கள் அதன் நிறத்தைப் பாருங்க: 40-க்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

வெள்ளை அட்டை வந்துவிட்டால் அதோடு முடிந்ததா? இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 59, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவில் திருப்தி இல்லாதவர் மேல்முறையீடு செய்யலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழே தர மறுத்தால், ஏன் மறுத்தோம் என்ற காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதியிலும் இருக்கிறது. வாயால் ‘உனக்கெல்லாம் வராதும்மா, போ’ என்று சொன்னால் அது மறுப்பு உத்தரவு ஆகாது. எழுத்தில் கேளுங்க. மேல்முறையீட்டை யாருக்கு முகவரியிட வேண்டும் என்பதை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

மேல்முறையீட்டில் ‘எனக்குச் சதவீதம் போதாது, கூட்டிப் போடுங்க’ என்று எழுதினால் நிற்காது. டாக்டர்கள் மனசுக்குத் தோன்றியதைப் போடுவதில்லை. ஒவ்வொரு குறைபாட்டையும் எப்படி அளப்பது என்று மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 2018-இல் வந்தது, 2024-இல் திருத்தினார்கள். காது கேளாமைக்கு ஒலிமானிச் சோதனை, அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவுச் சோதனை, மனநோய்க்கு ‘ஐடியாஸ்’ என்கிற அளவுகோல். ஆகவே உங்கள் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: எந்தச் சோதனை செய்யாமல் விட்டார்கள்? எந்தக் குறைபாட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை?

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஒருவருக்குக் காலில் 30 சதவீதம், காதில் 20 சதவீதம் என்று வையுங்க. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 40-ஐத் தொடாது. ஆனால் இரண்டும் சேர்ந்தால் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கணும். 90-இல் இருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு கூட்டணும். போன் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. 90-இல் 30 போனால் 60. அதை 20-ஆல் பெருக்கினால் 1,200. 90-ஆல் வகுத்தால் 13.3. அதோடு 30. மொத்தம் 43.3. வாசல் தாண்டியாச்சு! எலும்பு டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு, காது விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். ‘அது சின்ன வயசுல இருந்தே இருக்கு சார், பழகிடுச்சு’ என்பார்கள். உங்களுக்குப் பழகிவிட்டது, கணக்குக்குப் பழகவில்லை.

மனநோய், அறிவுசார் குறைபாடு இருக்கும் வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லணும். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கூட்டிப் போகிறோம். டாக்டர் ‘எப்படிப்பா இருக்கே?’ என்றால் பையன் ‘நல்லா இருக்கேன் சார்’ என்கிறான். அம்மாவும் பக்கத்தில் நின்று, ‘இப்ப பரவாயில்லை சார், உங்க மாத்திரையில நல்லா ஆயிட்டான்’ என்கிறார். டாக்டரைச் சந்தோஷப்படுத்தணும்னு நினைக்கிற மரியாதை அது. ஆனால் ‘ஐடியாஸ்’ அளவுகோல் கேட்பது வேறு: தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா, பேசுவதும் புரிந்துகொள்வதும் எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா. தலை வாரி விட்டது யார்? சட்டை போட்டு விட்டது யார்? அதைச் சொல்லவே இல்லையே.

பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போங்க. ஒரு பக்கம் போதும். பல் துலக்குவதில் இருந்து இரவு தூங்குவது வரை எதை எதை யார் செய்துவிடுகிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் தூக்கமில்லை, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், எத்தனை நாளில் நின்றார். அந்தத் தாளைச் சிகிச்சைச் சீட்டுகளோடு சேர்த்துக் கொடுங்க. மேல்முறையீட்டிலும் அதே தாள் இணைப்பாகப் போகட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மருத்துவமனை வாசலில் ‘பத்தாயிரம் குடு, எண்பதுன்னு போட்டுத் தர்றேன்’ என்கிற ஆள் எப்போதும் ஒருத்தர் இருப்பார். மோசடியாகச் சலுகை பெற்றால், அல்லது பெற முயன்றாலே, பிரிவு 91-இன்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது அந்த ஆள் இல்லை, சான்றிதழில் பெயர் இருக்கிற நீங்கள். போனில் ஓ.டி.பி. கேட்கிறவருக்கும் இதே மரியாதைதான், கட் பண்ணிடுங்க.

அடுத்த கதவு. சான்றிதழ் சரியாக இருக்கிறது, ஆனால் ஓய்வூதிய மனு தள்ளுபடி. இ-சேவையில் பதிவு செய்த மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று விசாரணைக்குப் போய், சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரிடம் முடிவாகிறது. மேசைக்குப் பின்னால இருந்தவன் என்ற முறையில் ஒரு உண்மை சொல்றேன். முடிவு எடுப்பவர் உங்களைப் பார்ப்பது அபூர்வம். அவர் பார்ப்பது கீழிருந்து வந்த அறிக்கையை. அது பெரும்பாலும் இரண்டு மூன்று வரி. ‘மனுதாரருக்கு சம்பாதிக்கும் மகன் உள்ளார்’, ‘சொத்து உள்ளது’, ‘விசாரணையின்போது ஊரில் இல்லை’, ‘வேறு உதவித்தொகை பெறுகிறார்’. உங்கள் மனு விழுவதும் நிற்பதும் அந்த இரண்டு வரியில்.

ஆகவே அந்த வரியைக் கையில் வாங்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸில் ‘தகுதியில்லை’ என்று மட்டும் இருந்தால் அது போதாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது, அதற்கான சான்றை இணைத்தால் போதும். என்ன கேட்கணும்? என் விண்ணப்ப எண் இது. இதன் மீது வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் கொடுத்த விசாரணை அறிக்கையின் நகல், தள்ளுபடி உத்தரவின் நகல், எந்த அரசாணையின் எந்த விதிப்படி தள்ளுபடி செய்யப்பட்டது என்ற விவரம். மூன்றே மூன்று. 30 நாளில் பதில் தரணும். ‘ஏன் அநியாயம் செய்தீர்கள்?’ என்று அதில் கேட்காதீங்க. அந்தச் சட்டத்தில் ஆவணம்தான் கேட்கலாம், நியாயம் கேட்கும் இடம் மேல்முறையீடு.

நகல் வரும்வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்கணுமா? வேண்டாம். என் பழக்கம், தள்ளுபடி தெரிந்த நாளில் இருந்து 30 நாளைத் தாண்ட விடமாட்டேன். மகளிர் உரிமைத் தொகை மனு நிராகரிக்கப்பட்டவர்களுக்கு 2023-இல் 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு என்று வைத்தார்கள், பலருக்கு நினைவிருக்கும். அந்த 30 நாள் கணக்கை நம் வீட்டுக் காலண்டரிலும் குறித்துக்கொள்வது நல்லது. நகல் பிறகு வந்தால், கூடுதல் மனுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாசில்தாருக்கு மேலே இருப்பவர் வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர். மனு அவருக்கு. நீளமாக எழுதாதீங்க. சிலர் பிறந்ததில் இருந்து பட்ட கஷ்டம் எல்லாம் ஏழு பக்கம் எழுதுவார்கள், தள்ளுபடிக்குச் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் இருக்காது. ஒரு பக்கம், இந்த மாதிரி:

‘எனது ஓய்வூதிய விண்ணப்ப எண் இது, நாள் இது. இது இந்த நாளில், எனக்குச் சம்பாதிக்கும் மகன் உள்ளார் என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. என் மகன் திருமணமாகி ஆறு ஆண்டுகளாகத் திருப்பூரில் தனிக்குடித்தனமாக உள்ளார். அவரது பெயர் என் குடும்ப அட்டையில் இல்லை. அவரிடமிருந்து எனக்கு எந்த வருமானமும் இல்லை. என் வங்கிக் கணக்கின் ஓராண்டுப் பரிவர்த்தனை இணைக்கப்பட்டுள்ளது. விசாரணைக்கு வந்தபோது என்னிடம் நேரில் கேட்கப்படவில்லை. எனவே மீண்டும் நேரில் விசாரித்து, எனக்கு ஓய்வூதியம் வழங்கி உத்தரவிடுமாறும், வழங்க இயலாது எனில் காரணம் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ உத்தரவு தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.’

அவ்வளவுதான். கடைசி வரியை மட்டும் விட்டுடாதீங்க. காரணத்தோடு உத்தரவு இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

எல்லாத் தள்ளுபடிக்கும் மேல்முறையீடுதான் மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆதாரில் ‘செல்வி’, யு.டி.ஐ.டி.யில் ‘செல்வி முருகன்’. பிறந்த தேதி இரண்டில் இரண்டு மாதிரி. ஸ்கேன் மங்கலாக இருந்து எழுத்தே தெரியவில்லை. தற்காலிகச் சான்றின் காலம் முடிந்துவிட்டது. இதற்கெல்லாம் ஆவணத்தைச் சரிசெய்து புது விண்ணப்பம் போடுவதே சீக்கிரம் முடியும். அதிகாரி தப்பாக முடிவு எடுத்திருந்தால் மேல்முறையீடு. காகிதம் தப்பாக இருந்தால் புது மனு. சந்தேகமாக இருந்தால், மேல்முறையீட்டையே முதலில் போட்டுவிடுங்க, தேதி கையை விட்டுப் போகாது. அப்புறம், பராமரிப்பு உதவித்தொகையும் வருவாய்த் துறை ஓய்வூதியமும் இரண்டும் சேர்த்து வாங்க முடியாது. ‘வேறு உதவி பெறுகிறார்’ என்ற காரணம் உண்மையாகவே இருந்தால், எது உங்களுக்கு அதிகமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுப்பதுதான் வழி.

மனுவைக் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் கிளம்பக்கூடாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் தருவார்கள். அதைப் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வையுங்க. போக முடியாதவர்கள் ஒப்புகையோடு தபாலில் அனுப்பலாம். முதலமைச்சர் உதவி மையம் 1100-க்குப் போன் செய்தும் பதிவு செய்யலாம். ஆனால் 1100-இல் சொன்ன புகார் வேறு, கோட்டாட்சியருக்குக் கொடுத்த மேல்முறையீடு வேறு. முதலாவது நினைவூட்டல் மாதிரி. அதைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டவர்கள் மாசக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

போனில் ‘உதவித்தொகை’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்க. யு.டி.ஐ.டி. அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக முதல் பக்கம், சிகிச்சைச் சீட்டு, தள்ளுபடிச் செய்தி, மனு ரசீது. டிஜிலாக்கரில் யு.டி.ஐ.டி.யைச் சேர்த்துக்கொண்டால் அட்டை தொலைந்தாலும் கவலையில்லை. இ-சேவை மையத்தில் ஸ்கேன் செய்யும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டே ‘சரி’ சொல்லுங்க. அவருக்கு அவசரம் இருக்கும், பின்னால் கூட்டம் இருக்கும். இருக்கட்டும்.

கோட்டாட்சியரும் மறுத்துவிட்டால்? சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். 2016 சட்டத்தின்படி அவருக்கு, சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களைக் கேட்பது போன்ற விஷயங்களில், உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. அவர் செய்யும் பரிந்துரை மீது சம்பந்தப்பட்ட அலுவலகம் என்ன நடவடிக்கை எடுத்தது என்று மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம்; தென் மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை.

கோர்ட் என்றதும் சிலர் முகம் மாறுது, பார்க்கிறேன். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீங்க. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 12-இன்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. அந்தப் பிரிவில் மாற்றுத்திறனாளி என்பதே ஒரு தகுதி. வருமானம் எவ்வளவு என்பது அதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கு. போனில் என்றால் 15100. உயர் நீதிமன்றம் போவதற்கு முன்பே, அந்த ஒரு பக்க மேல்முறையீட்டை எழுதிக் கொடுக்கக்கூட அவர்களிடம் உதவி கேட்கலாம். எழுதத் தெரியாத, கை வராத, கண் தெரியாத எத்தனையோ பேர் ‘யார்கிட்ட எழுதி வாங்குறது’ என்பதற்காகவே விட்டுவிடுகிறார்கள்.

நான் பேசினது போதும். பக்கத்து மேசையில் இரண்டு பேர் மனு எழுதித் தர உட்கார்ந்திருக்கிறார்கள். தள்ளுபடிச் செய்தி போனில் இருப்பவர்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் வாங்க. நாற்காலியில் இருந்து எழ முடியாதவர்கள் அங்கேயே இருங்க, நாங்க வர்றோம். முதலில், போன மாதம் தள்ளுபடி ஆனவர்கள் மட்டும் கையைத் தூக்குங்க. உங்களுக்குத்தான் நாள் குறைவாக இருக்கு.